‘பிக் அப்’ என்றால் எத்தனை பொருள்? ஒரு எளிய விளக்கம்

கிருஷ்ணகிரி பக்கம் ‘எனக்கு இங்கிலீஷே வராது’ என்று சொல்கிறவர்கூட நாள் முழுக்க ‘பிக்கப்’ என்று சொல்லிக்கொண்டுதான் இருப்பார். தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றப் பிக்கப் வண்டி வருகிறது. ஓசூர் சிப்காட் கம்பெனி பஸ்ஸுக்குப் பிக்கப் பாயிண்ட் இருக்கிறது. பள்ளி வேன்காரர் பிக்கப்புக்கும் டிராப்புக்கும் சேர்த்து மாசம் இவ்வளவு என்று பேசுகிறார். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் பைக் திணறினால், “வண்டியில பிக்கப்பே இல்லண்ணா, கார்புரேட்டரைக் கழட்டித்தான் பார்க்கணும்” என்கிறார் மெக்கானிக்.

இவ்வளவு பழகிய சொல், ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் பேசப் போனால் காலை வாரிவிடுகிறது. ‘ஐ வில் பிக்கப் யூ’ என்று வாட்ஸப்பில் எழுதுகிறோம். ‘ஐ பிக்கப்டு மை சன்’ என்கிறோம். சரி, அகராதியைப் பார்ப்போம் என்று திறந்தால் தூக்கு, பொறுக்கு, அழைத்து வா, கற்றுக்கொள், தேறு, பிடித்துக்கொண்டு போ என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள். இணைச்சொல், அதாவது அதே பொருள் தரும் வேறு சொல், பட்டியல் தேடினால் இன்னும் மோசம். லிஃப்ட், கலெக்ட், லேர்ன், இம்ப்ரூவ், அரெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டியிருப்பார்கள். இதை மனப்பாடம் செய்வது வீண் வேலை. ‘பிக் அப்’ முழுவதற்கும் சேர்த்து இணைச்சொல் என்று ஒன்று கிடையாது. அதன் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத்தான் இணைச்சொல் உண்டு. எந்தப் பொருளில் பேசுகிறோம் என்பது முதலில் தெரியவேண்டும். எந்தச் சொல்லை மாற்றிப் போடலாம் என்பது அதற்கப்புறம்.

இது எந்த வகைச் சொல் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பிக், கிவ், டேக், புட் போன்ற சின்ன வினைச்சொற்களோடு அப், அவுட், ஆஃப், ஆன் என்று இன்னும் சின்னதாக ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வேறு பொருள் தரும். இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். கிவ் என்றால் கொடு; கிவ் அப் என்றால் கைவிடு. இரண்டு சொல்லின் பொருளையும் கூட்டிப் பார்த்தால் பல சமயம் விடை வராது. சில சமயம் பாதி விடை வரும். பிக் அப் இந்த இரண்டாவது ரகம்.

மாந்தோப்பை வைத்தே பார்க்கலாம். ‘பிக் த மேங்கோஸ்’ என்றால் மரத்தில் இருப்பதைப் பறி. ‘பிக் அப் த மேங்கோஸ்’ என்றால் கீழே கிடப்பதை எடு. ஒரு ‘அப்’தான் வித்தியாசம். மே மாதத்தில் கோடை மழையோடு சூறைக்காற்றும் அடித்த மறுநாள் காலையில், பெங்களூரா மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதையெல்லாம் கூடையில் பொறுக்குகிறவர்கள் செய்வது பிக் அப். நீளமான கழியில் வலை கட்டிக்கொண்டு காய்க்கு அடிபடாமல் இறக்குகிறவர்கள் செய்வது பிக். உதிர்ந்த காய்க்கும் இறக்கிய காய்க்கும் மண்டியில் ஒரே விலை கிடைக்காது என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆக, இந்த ‘அப்’பை விட்டுவிட்டு எழுதினால் வாங்குகிறவர் வேறு காயை எதிர்பார்ப்பார். இந்த இடத்தில் பிக் அப்புக்கு இணைச்சொல் லிஃப்ட், அல்லது கேதர். பாரமானதைத் தூக்கினால் லிஃப்ட் பொருந்தும். சிதறிக் கிடப்பதைப் பொறுக்கிச் சேர்த்தால் கேதர். தரையில் விழுந்த பேனாவை எடுக்க ‘லிஃப்ட்’ என்று சொன்னால், பேனா என்ன அவ்வளவு கனமா என்று தோன்றும்.

இந்த முதல் பொருளிலிருந்துதான் மற்ற பொருள்கள் கிளைத்தன. எங்கோ இருப்பதை எடுத்து நம்மோடு சேர்த்துக்கொள்வது என்பதுதான் அடிக்கருத்து. தமிழில் இந்த வேலையை இரண்டு சொற்கள் பங்குபோட்டுச் செய்கின்றன: எடு, பிடி. போனை எடுக்கிறோம். பஸ் வேகம் எடுக்கிறது. சளி பிடிக்கிறது. டவர் பிடிக்க மாட்டேன் என்கிறது. வியாபாரம் சூடு பிடிக்கிறது. போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. இத்தனை இடத்திலும் ஆங்கிலக்காரர் பிக் அப் என்றே சொல்லலாம். நாம் யாரும் ‘எடு’ என்பதன் பொருள்களை எண்ணிப் பார்த்துக் கற்றதில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மனதில் ‘எடு’ அல்லது ‘பிடி’ வந்தால், அங்கே பிக் அப் சரியாக இருக்குமா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாக வரும். ஆனால் ‘போட்டோ எடு’, ‘ஓய்வெடு’, ‘மீன் பிடி’ இதிலெல்லாம் வராது. அங்கே டேக், கேட்ச் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

ஆளை அழைத்துவரும் பிக் அப் நமக்கு நன்றாகவே தெரிந்தது. சென்னையிலிருந்து வரும் தம்பியை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துவர வேண்டும் என்றால், ‘ஐ வில் பிக் ஹிம் அப் அட் த பஸ் ஸ்டாண்ட்’. ‘ஃப்ரம் த பஸ் ஸ்டாண்ட்’ என்றாலும் சரிதான். எதிர்ப்பதம் டிராப் ஆஃப். இதற்கு இணைச்சொல்லாக இரண்டைச் சொல்வார்கள்: கலெக்ட், ஃபெட்ச். ஃபெட்ச் என்றால் போய்க் கூட்டிக்கொண்டு திரும்பி வருவது. போகிற வழியில் ஏற்றிக்கொள்வதற்கு அது பொருந்தாது. ஓசூருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர் சூளகிரியில் நண்பரை ஏற்றிக்கொள்கிறார் என்றால் அது பிக் அப் மட்டும்தான். கலெக்ட் என்பதை ஆளுக்குப் பயன்படுத்துவது பிரிட்டனில் சாதாரணம். ‘ஐ வில் கலெக்ட் யூ ஃப்ரம் த ஸ்டேஷன்’ என்று அங்கே இயல்பாகச் சொல்வார்கள். நம் காதுக்கு அது ஏதோ சீட்டுப் பணம் வசூலிக்கிற மாதிரி இருக்கும்.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1792இல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தது. வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர்தான் பின்னால் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ. வசூலிக்கிறவர் என்பதால்தான் கலெக்டர். கலெக்ட் என்ற சொல்லில் இன்றைக்கும் அந்தக் கணக்கு வழக்கு வாசனை உண்டு. வரி, கட்டணம், சந்தா, சான்றிதழ், பாஸ்போர்ட், கையெழுத்துப் போட்டு வாங்குகிற பார்சல், இதற்கெல்லாம் கலெக்ட் கச்சிதமாகப் பொருந்தும். பார்சலுக்குப் பிக் அப்பும் சொல்லலாம். வரிக்குச் சொல்ல முடியாது. ‘த கவர்ன்மென்ட் பிக்ஸ் அப் டாக்ஸஸ்’ என்று எழுதினால், ரோட்டில் கிடந்த வரியை அரசாங்கம் பொறுக்கிக்கொண்டது போல ஆகிவிடும்.

ஆளைப் பற்றிய பிக் அப்பில் ஒரு சின்ன எச்சரிக்கை. காலேஜ் பையன்கள் ‘பிக்கப் ஆயிடுச்சு மச்சான்’ என்று காதல் கைகூடியதைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்திலும் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து வளைப்பதற்குப் பிக் அப் என்ற வழக்கு உண்டு. அதனால் ‘ஹீ பிக்ட் அப் எ கேர்ள்’ என்று மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவர் புருவம் உயரும். ‘ஹீ பிக்ட் அப் ஹிஸ் சிஸ்டர் ஃப்ரம் த பஸ் ஸ்டாண்ட்’ என்று யாரை, எங்கிருந்து என்று சேர்த்துவிட்டால் குழப்பம் இல்லை.

அடுத்தது போன். பழைய காலத்து டெலிபோனில் கருவியிலிருந்து ரிசீவரைக் கையால் தூக்கினால்தான் பேச முடியும். அதனால் பிக் அப். பேசி முடித்ததும் கொக்கியில் மாட்டுவார்கள். அதனால் ஹேங் அப். இப்போது தூக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை. சொல் மட்டும் நிற்கிறது. ‘ஐ கால்ட் யூ த்ரீ டைம்ஸ், பட் யூ டிட் நாட் பிக் அப்’ என்பது அன்றாடப் பேச்சு. இங்கே ‘போன்’ என்ற சொல்கூடத் தேவையில்லை. இணைச்சொல் ஆன்சர். நம் ஊரில் ‘கால் அட்டெண்ட் பண்ணு’ என்கிறோம். இந்தியாவுக்குள் அதை எல்லோரும் புரிந்துகொள்வார்கள், வெளிநாட்டு ஆளிடம் ஆன்சர் அல்லது பிக் அப் நல்லது. ஓசூர், பாகலூர் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் ‘ஹீ இஸ் நாட் லிஃப்டிங் த போன்’ என்று சொல்வதும் உண்டு. லிஃப்ட்டும் பிக் அப்பும் ஒன்றுதானே என்று பட்டியலைப் பார்த்துப் போட்டால் இப்படித்தான் வரும். பொருள் புரியும், ஆனால் ஆங்கிலக்காரர் காதில் போன் மேசையைவிட்டு நாலடி உயரப் போகிற மாதிரி விழும்.

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது மொழி கற்கும் பொருள்தான். அதற்கு ஓசூரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம் என்று வளர்கிற பிள்ளை, எந்தப் புத்தகமும் இல்லாமல் மூன்றையும் பேசும். ‘ஷீ பிக்ட் அப் கன்னடா ஃப்ரம் தி நெய்பர்ஸ்’. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல், பழக்கத்தில் தானாக ஒட்டிக்கொண்டது என்பதுதான் இங்கே பிக் அப். லேர்ன் இதைவிட அகலமான சொல். கிளாஸுக்குப் போய்க் கற்றாலும் லேர்ன், பழக்கத்தில் வந்தாலும் லேர்ன். அக்வையர் என்றால் கொஞ்சம் புத்தக நடை. வேலைக்கான விண்ணப்பத்தில் ‘அக்வையர்ட் எ வொர்க்கிங் நாலெட்ஜ் ஆஃப் கன்னடா’ என்று எழுதலாம். டீக்கடையில் அப்படிச் சொல்ல முடியாது. திறமைக்கும் இதே கதைதான். ஒர்க்ஷாப்பில் நின்று பார்த்தே வெல்டிங் கற்றுக்கொண்டவர் ‘ஐ பிக்ட் இட் அப் ஆன் த ஜாப்’ என்று இன்டர்வியூவில் தாராளமாகச் சொல்லலாம். மட்டமாக ஒன்றும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கெட்ட பழக்கத்துக்கும் இது வரும். ‘ஹீ பிக்ட் அப் தட் ஹேபிட் இன் த ஹாஸ்டல்’ என்றால் பையன் ஹாஸ்டலில் எதையோ பழகிவிட்டான் என்று பொருள்.

நோய் விஷயத்தில் பிக் அப் எல்லா நோய்க்கும் வராது. வெளியே இருந்து ஒட்டிக்கொள்கிற சளி, வைரஸ் காய்ச்சல், வயிற்றுக்கோளாறு, இவற்றுக்கு மட்டும்தான். ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் த ட்ரிப்’ என்றால் ஊருக்குப் போன இடத்தில் சளி பிடித்துக்கொண்டது. இணைச்சொல் கேட்ச், டாக்டர் சீட்டிலும் செய்தித்தாளிலும் கான்ட்ராக்ட். சர்க்கரை, பிரஷர் போன்றவை எங்கிருந்தும் ஒட்டுவதில்லை, உடம்புக்குள் உண்டாகிறவை. அவற்றுக்கு டெவலப் என்றுதான் சொல்லவேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நோய் பிடிப்பதும் பிக் அப், நோயிலிருந்து தேறுவதும் பிக் அப். ‘ஹீ பிக்ட் அப் எ ஃபீவர்’ என்றால் காய்ச்சல் வந்துவிட்டது. ‘ஹீ இஸ் பிக்கிங் அப்’ என்றால் தேறி வருகிறார். பின்னால் எதுவும் சொல்லாமல் நின்றால் நல்ல செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேறுகிற பொருள்தான் வியாபாரத்திலும் வருவது. ‘சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்’ என்றால் மந்தமாகக் கிடந்த விற்பனை சூடு பிடிக்கிறது. முன்பு மந்தமாக இருந்தது என்ற நினைப்பு இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற கடைக்கு இதைச் சொல்வதில்லை. சொல்கிறவர் யார் என்பதும் முக்கியம். ஓசூர் சுற்று வட்டாரத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர்களுக்குப் பிப்ரவரி 14 நெருங்கினால் நல்ல காலம். விவசாயி ‘பிரைஸஸ் ஹேவ் பிக்ட் அப்’ என்பார், அவருக்கு அது தேறுதல். அதே ரோஜாவைப் பெங்களூரில் கடையில் வாங்குகிறவர் ‘பிரைஸஸ் ஹேவ் கான் அப்’ என்பார், அவருக்கு அது செலவு. விலை ஒன்றுதான். பெட்ரோல் விலை ஏறியதைப் பங்க் வாசலில் நின்றுகொண்டு ‘பிக்ட் அப்’ என்று யாரும் சொல்லாததற்கும் இதுவே காரணம். இங்கே இணைச்சொல் இம்ப்ரூவ், ரைஸ், இன்க்ரீஸ். அறிக்கை எழுதினால் ரிகவர் என்றும் போடலாம்.

வேகத்துக்கு ரயிலைத்தான் எல்லாப் புத்தகத்திலும் உதாரணம் காட்டுவார்கள். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே இல்லாததால் நாம் பஸ்ஸையே வைத்துக்கொள்வோம். ‘த பஸ் பிக்ட் அப் ஸ்பீட் ஆஃப்டர் த டோல்கேட்’. காற்றுக்கும் இப்படியே சொல்லலாம். ‘த விண்ட் இஸ் பிக்கிங் அப்’ என்றால் காற்று வலுக்கிறது. மெக்கானிக் சொன்ன பிக்கப்பும் இந்தக் குடும்பம்தான்: வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் திறன்.

டவர் பிடிப்பதையும் பார்த்துவிடலாம். தேன்கனிக்கோட்டைக்கு மேலே மலைக் கிராமங்களில் ‘மை போன் கான்ட் பிக் அப் எ சிக்னல் ஹியர்’ என்று சொல்லவேண்டிய இடங்கள் உண்டு. ஓசூர் எல்லையிலோ நேர்மாறு. ஜூஜூவாடியில் நின்றால், நாம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோம், போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்குக்குத் தனியாகக் காசு பிடித்த காலத்தில் அது பெரிய தலைவலி. கருவி ஒன்று ஒலியையோ அலையையோ உணர்ந்து வாங்கிக்கொள்கிறது என்பது இங்கே பொருள். ரிசீவ், டிடெக்ட் இரண்டும் இணைச்சொற்கள். கல்யாண வீடியோவில் மைக் பக்கத்து மேசைப் பேச்சையெல்லாம் பதிவு செய்துவிட்டால் ‘த மைக் பிக்ட் அப் எவ்ரிதிங்’. மனிதர்கள் இப்படி நுட்பமாக உணர்ந்தால் கூடவே ஒரு ஆன் சேரும்: பிக் அப் ஆன். ‘ஷீ பிக்ட் அப் ஆன் ஹிஸ் மூட்’ என்றால், அவர் வாய்விட்டுச் சொல்லாததை இவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அதற்கு இணை நோட்டீஸ்.

வீட்டுக்கு வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வதற்கு ‘பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்’. பை, கெட் என்றாலும் பொருள் ஒன்றே. ஆனால் போகிற போக்கில், பெரிதாக யோசிக்காமல் வாங்குவது என்ற தொனி பிக் அப்பில் மட்டும்தான் இருக்கும். ஓசூரில் மனை வாங்கியதை ‘ஐ பிக்ட் அப் எ பிளாட்’ என்று சொன்னால், அடிமாட்டு விலைக்குக் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லையென்றால் ‘ஐ பாட் எ பிளாட்’, வாங்கினேன் என்று சொல்லிவிடுங்கள். ஹோட்டலில் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் காசு கொடுத்தால் ‘ஹீ பிக்ட் அப் த பில்’. இதற்கு இணை பே.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கும் பிக் அப். ஒரு வாரம் கழித்து வகுப்பு ஆரம்பிக்கும் ஆசிரியர் ‘லெட் அஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்’ என்பார். அலுவலகக் கடிதத்தில் ரிசியூம். செய்தித்தாளில் ‘பிக்ட் அப் ஃபார் கொஸ்டினிங்’ என்று வந்தால், போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போயிருக்கிறது என்று மட்டும் புரிந்துகொள்ளவேண்டும். அரெஸ்ட் என்பது சட்டப்படியான கைது. இரண்டையும் இணைச்சொல் என்று பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். விசாரித்துவிட்டு அனுப்பப்பட்ட ஒருவரைக் கைதானவர் ஆக்கிவிடும் தவறு அது. டிடெய்ன் கொஞ்சம் நெருங்கி வரும்.

இத்தனை இணைச்சொற்களையும் பார்த்தால் ஒன்று தெரியும். கலெக்ட், அக்வையர், டிடெக்ட், ரிசியூம், டிடெய்ன் எல்லாம் லத்தீன் வேரிலிருந்து, சில நேராகவும் சில பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்துக்கு வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. குடியானவர் வீட்டில் பழைய ஆங்கிலமே இருந்தது. அதனால் இன்றைக்கும் லத்தீன் வழிச் சொற்கள் அலுவலக நடையாகவும், பிக் அப் போன்றவை பேச்சு நடையாகவும் ஒலிக்கின்றன. நாம் வீட்டில் பால் ‘வாங்குகிறோம்’, ஆவின் ‘கொள்முதல் செய்கிறது’ அல்லவா, அந்த மாதிரி. அதற்காகப் பேச்சு நடை தாழ்ந்தது என்று நினைக்கவேண்டாம். நம் ஊர் நண்பரிடம் ‘ஐ ஷல் கலெக்ட் யூ’ என்று விறைப்பாகப் பேசுவதுதான் உண்மையில் விநோதமாக இருக்கும்.

இப்போது இலக்கணம். நாம் தவறு செய்வதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். தமிழில் ‘பிக்கப் பண்ணு’ என்று பேசிப் பேசி, பிக்கப் என்பது ஒரே சொல் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது வினையாக வரும்போது இரண்டு சொல். இரண்டுக்கும் நடுவில் ஆள் உட்கார இடம் உண்டு. இட், ஹிம், ஹெர், மீ, யூ, தெம் போன்ற பிரதிப்பெயர்கள் வந்தால் நடுவில்தான் உட்காரவேண்டும்: ‘பிக் மீ அப்’, ‘பிக் இட் அப்’. ‘பிக் அப் மீ’, ‘பிக் அப் இட்’ இரண்டும் தவறு. பெயர்ச்சொல் என்றால் எங்கே வேண்டுமானாலும் வரலாம்: ‘பிக் அப் த பேக்’, ‘பிக் த பேக் அப்’. அந்தப் பெயர் நீளமாக இருந்தால் பின்னால் வைப்பது நல்லது. லாரி டயர் பக்கத்தில் கிடக்கும் நீல நிறப் பை என்று ஆங்கிலத்தில் அடுக்கிவிட்டு, கடைசியில் ஒரு ‘அப்’பைக் கொண்டுபோய் ஒட்டினால், கேட்கிறவர் அதற்குள் பிக்கை மறந்திருப்பார்.

இரண்டு சொல் என்பதால் காலம் காட்டும் ஒட்டு முதல் சொல்லோடுதான் சேரும். பிக்ஸ் அப், பிக்ட் அப், பிக்கிங் அப். ‘பிக்கப்டு’, ‘பிக்கப்பிங்’ என்று எதுவும் கிடையாது. வேகமாகப் பேசும்போது பிக்ட் அப் என்பது பிக்டப் என்று சேர்ந்து கேட்கும், அது சரிதான். எழுத்திலும் இதே கணக்கு. வண்டி, இடம், சேவை என்று பெயராக வந்தால் பிக்கப் என்று சேர்த்தோ நடுவில் சிறு கோடு போட்டோ எழுதலாம். வினை என்றால் இடைவெளி விடவேண்டும். உச்சரிப்பில் வித்தியாசம் இருக்கிறது: பிக்கப் வண்டியில் அழுத்தம் ‘பிக்’கில் விழும், ‘பிக் இட் அப்’ என்பதில் ‘அப்’பில் விழும்.

பொருளைக் கண்டுபிடிக்க எளிய வழி, பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்ப்பதுதான். பின்னால் ஆள் இருந்தால் அழைத்து வருதல். மொழியோ பழக்கமோ இருந்தால் கற்றுக்கொள்ளுதல். சிக்னல் இருந்தால் பிடித்தல். முன்னால் சேல்ஸ், பிசினஸ், விண்ட் என்று இருந்து, பின்னால் ஒன்றுமே இல்லையென்றால் கூடுதல், தேறுதல். ‘ஒர்க் பிக்ஸ் அப் இன் ஜூன்’ என்று காவேரிப்பட்டணத்து மாங்கூழ் தொழிற்சாலைக்காரர் சொன்னால், வேலையை யாரும் தூக்கவில்லை. காய் வரத்து கூடி ஷிப்ட் அதிகமாகிறது என்று பொருள்.

பிக்கோடு வேறு சின்னச் சொல் சேர்ந்தால் கதை மாறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிக் அவுட் என்றால் பலவற்றுள் தேர்ந்து எடுப்பது, மண்டியில் அழுகலைத் தனியே ஒதுக்குவதுபோல. பிக் அப் ஆஃப்டர் என்றால் ஒருவர் இறைத்துப் போட்டதை இன்னொருவர் ஒழுங்குபடுத்துவது. பிள்ளை பெற்றவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பிக் ஆன் என்றால் ஒருவரையே குறிவைத்துத் திட்டிக்கொண்டும் சீண்டிக்கொண்டும் இருப்பது. பள்ளிவிட்டு வந்த பிள்ளை ‘மை டீச்சர் ஆல்வேஸ் பிக்ஸ் ஆன் மீ’ என்றால் மனக்குறையைச் சொல்கிறது, உட்கார்ந்து கேளுங்கள். ‘மை டீச்சர் ஆல்வேஸ் பிக்ஸ் மீ அப்’ என்றால் டீச்சர் தினமும் ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறார், பெட்ரோலுக்கு ஏதாவது கொடுக்கவேண்டியிருக்கும்.